ஷவரில் மழை பொழிய வேண்டுமா?

வெள்ளிக்கிழமை காலை. எண்ணெய் தேய்த்து, தலைக்குச் சீயக்காயும் போட்டாகி விட்டது. ஷவரைத் திருகினால்... சொட்டு, சொட்டு, சொட்டு!

"என்னங்க! தண்ணீர் வரவில்லையே! கண் எரிகிறதே!" என்று குளியல் அறையில் இருந்து குரல் வருகிறது.

"இப்போதுதானே மோட்டார் போட்டேன். தொட்டி நிறைய தண்ணீர் இருக்கிறதே!" என்று கணவர் பதில் சொல்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. ஷவரில் இல்லை. கீழ் வீட்டுக்காரர்களுக்கோ ஜோராக வருகிறது!

இது எப்படி?

உயரம்தான் காரணம்

தண்ணீரைத் தள்ளுவது தொட்டியின் உயரம். தொட்டி பெரியதா, சிறியதா என்பது முக்கியம் அல்ல. 500 லிட்டர் தொட்டியானாலும், 5,000 லிட்டர் தொட்டியானாலும், நீர்மட்டம் ஒரே உயரத்தில் இருந்தால் அழுத்தமும் ஒன்றுதான். 17-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் இதைத் தெளிவாக விளக்கி இருக்கிறார்.

கணக்கு சுலபமானது. 10 மீட்டர் உயரத்தில் தண்ணீர் இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் சுமார் 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். ஷவரில் நன்றாகக் குளிக்க ஏறக்குறைய அந்த அழுத்தம் வேண்டும்.

மேல் மாடி வீட்டில் ஷவருக்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் இடையே 2 மீட்டர்தான் இருக்கும். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு! கீழ் வீட்டுக்கு இன்னும் 3 மீட்டர் கூடுகிறது. அதனால்தான் அங்கே ஜோர்!

அவசரப்பட வேண்டாம்

உடனே பம்பு வாங்க ஓடாதீர்கள். முதலில் காசு செலவு இல்லாத சோதனைகளைச் செய்து பாருங்கள்.

ஷவரின் தலையைக் கழற்றுங்கள். பிறகு குழாயைத் திறங்கள். தண்ணீர் நன்றாக வந்தால், கோளாறு ஷவரில்தான். உப்புத் தண்ணீர் ஊர்களில் துளைகள் சுண்ணாம்பு படிந்து அடைத்துக் கொள்ளும். ஷவரின் தலையை வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள். எலுமிச்சைச் சாறும் உதவும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றாதீர்கள். பளபளப்புப் பூச்சு போய் விடும்.

அடுத்தது, தொட்டிக்குக் கீழே உள்ள வால்வு. வெளியே பிடி சுற்றும். உள்ளே கதவு உடைந்து பாதி வழியில் நிற்கும். பார்ப்பதற்கு வால்வு திறந்தது போலவே இருக்கும்!

தொட்டி ஒரு முறை காலியானால், குழாய்க்குள் காற்று புகுந்து தண்ணீரை மறிக்கும். தொட்டியில் இருந்து இறங்கும் குழாயில், தொட்டியை விட உயரமாக ஒரு காற்றுக் குழாய் வைத்தால் இந்தத் தொல்லை குறையும். பழைய இரும்புக் குழாயாக இருந்தால், உள்ளே துரு ஏறி வழி சிறுத்து இருக்கும். அதை மாற்றுவதுதான் வழி.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் மெதுவாக வருகிறதா? அப்போதுதான் பம்பு.

சத்தம் இல்லாத பம்பு

அழுத்தம் கூட்டும் சிறிய பம்புகள் கடைகளில் கிடைக்கின்றன. தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போல இவை அலறுவது இல்லை. ஏன்?

சாதாரண மோட்டாரின் பின்னால் விசிறி உண்டு. அது சூட்டைத் தணிக்கும். சத்தமும் போடும். சத்தம் இல்லாத பம்பில் விசிறி கிடையாது. சுழலும் பகுதி தண்ணீருக்குள்ளேயே சுழல்கிறது. ஓடும் தண்ணீரே அதைக் குளிர்விக்கிறது.

ஆனால் இந்த வகைக்கு மணல் ஆகாது. தண்ணீர் நுழையும் இடத்தில் வடிகட்டி போட வேண்டும்.

பம்பின் அதிர்ச்சி தளத்திலும் குழாயிலும் பரவினால், வீடு முழுவதும் உறுமும். அடியில் கெட்டி ரப்பர் வையுங்கள். இருபுறமும் வளையும் குழாய் போடச் சொல்லுங்கள். படுக்கை அறைக்கு நேர் மேலே வைக்க வேண்டாம்.

எங்கே வைப்பது?

தொட்டிக்குப் பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். தண்ணீர் தானாகவே பம்புக்குள் நிறைய வேண்டும். மழை படாமல் மூடி போடுங்கள்.

குழாயைத் திறந்ததும் தானாக ஓடும் பம்புகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தண்ணீர் ஓடுவதை அறிந்து ஓடுவது. மேல் மாடியில் தண்ணீர் சொட்டினால், இந்தப் பம்பு விழிக்காமலே போகலாம். மற்றது, அழுத்தம் குறைவதை அறிந்து ஓடுவது. இதற்கு ஒழுகும் குழாய் ஆகாது. நடு ராத்திரியில் ஓடி ஓடி நிற்கும்! வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

தொட்டி காலியானால் பம்பு தானாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கருகி விடும். பம்பைச் சுற்றிப் போக ஒரு மாற்றுக் குழாயும், தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வும் போட்டுக் கொண்டால், கரண்டு போனாலும் பழையபடி தண்ணீர் வரும்.

கரண்டு செலவு அதிகம் இல்லை. 250 வாட் பம்பு ஒரு மணி நேரம் ஓடினால் கால் யூனிட்தான்.

ஆபத்து! ஆபத்து!

தெருக் குழாயில் இருந்து வீட்டுக்கு வரும் இணைப்பில் பம்பை ஒருபோதும் மாட்டாதீர்கள். அது சட்டப்படி தவறு. மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள்.

அதை விடப் பெரிய கேடும் இருக்கிறது. பம்பு உறிஞ்சும்போது, குழாயில் உள்ள விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீரும் உள்ளே வரும். அந்தத் தண்ணீரைத்தான் உங்கள் குழந்தையும், பக்கத்து வீட்டுக் குழந்தையும் குடிக்கும்!

தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் இது. எர்த் இணைப்பு கட்டாயம் வேண்டும். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவியும் வேண்டும். லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வெந்நீர் கொதிகலனில் அச்சிட்டுள்ள அழுத்த அளவையும் பாருங்கள். பம்பின் அழுத்தம் அதைத் தாண்டக் கூடாது.

கடைசியாக ஒன்று

அழுத்தம் கூடினால் செலவும் கூடும். நிமிடத்துக்கு 6 லிட்டர் வந்த ஷவரில் 12 லிட்டர் வந்தால், 10 நிமிடக் குளியலுக்கு 120 லிட்டர் போகும். 20 லிட்டர் வாளியில் குளித்தால் 6 பேருக்குப் போதும்!

2019-ம் ஆண்டு கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டு போனதையும், லாரித் தண்ணீருக்காகக் குடங்களுடன் மக்கள் காத்து நின்றதையும் மறக்க முடியுமா?

சோப்பு போடும்போது ஷவரை மூடுங்கள். தலையை அலசும்போது திறங்கள்.

சீயக்காய் கண்ணில் எரியாது. தொட்டியும் காலியாகாது!