கையே முதல் மொழி

வீட்டில் ஒரு மொழி, வகுப்பறையில் வேறொரு மொழி என்னும் நிலையில் பள்ளிக்குள் நுழையும் குழந்தைகள் பலர். தெலுங்கோ உருதோ ஒடியாவோ பேசி வளர்ந்த குழந்தை, ஆசிரியரின் வினா விளங்காமல் மௌனமாக அமர்ந்திருக்கிறது. அம்மௌனத்தை அறியாமை எனக் கருதிவிட்டால், அதன் கல்வி தொடக்கத்திலேயே தடைப்படும். சொல் விளங்காத குழந்தையும் தானே கற்க இயலுமா? இயலும் எனக் காட்டுகிறது மாண்டிசோரி கல்விமுறை.

மருத்துவர் கண்ட கல்வி

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தார். 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அறிவுவளர்ச்சியில் பின்தங்கியோர் எனக் கருதப்பட்ட குழந்தைகளிடையே பணியாற்றியபோது, அவர்களின் முதன்மைத் தேவை மருந்தன்று, பொருத்தமான கல்வியே என உணர்ந்தார். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோம் நகரின் சான் லொரன்சோ பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ என்னும் பள்ளியைத் தொடங்கினார். ஏழை உழைப்பாளரின் பிள்ளைகளே அதன் முதல் மாணவர்கள். தமக்குப் பிடித்த பொருளைத் தாமே தேர்ந்து, ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்து மகிழ்ந்த அச்சிறார்களைக் கூர்ந்து நோக்கியே அவர் தம் கல்விமுறையை வகுத்தார்.

பொருள்கள் பேசும் வகுப்பறை

பத்துக் குழிகள் கொண்ட ஒரு மரக்கட்டை. அவற்றுக்கு அளவெடுத்தாற்போன்ற பத்து உருளைகள். மெல்லிய உருளையை அகன்ற குழியில் இட்டால், இறுதியில் ஓர் உருளை எக்குழியிலும் நுழையாமல் எஞ்சும். பிழையைச் சுட்டுவது பொருளே, திருத்துவது குழந்தையே. இங்கே கண்டிப்புக்கும் இடமில்லை, மொழிபெயர்ப்புக்கும் தேவையில்லை.

எண்ணும் இவ்வாறே கைக்கு வருகிறது. பத்து மணிகளைக் கோத்தால் ஒரு கம்பி; பத்துக் கம்பிகளை அடுக்கினால் நூறு மணிகள் கொண்ட சதுரம்; பத்துச் சதுரங்களை அடுக்கினால் ஆயிரம் மணிகள் கொண்ட கனசதுரம். எண்ணின் பெயர் மொழிக்கு மொழி மாறும். கையில் உணரும் கனம் மாறாது.

சொல்லும் எழுத்தும்

அனுபவம் முன்னே வர, சொல் பின்னே வருகிறது. சொரசொரப்பான பலகையையும் வழவழப்பான பலகையையும் குழந்தை தடவும்போது ஆசிரியர் அவற்றின் பெயரை மட்டும் கூறுவார். அடுத்து, “சொரசொரப்பானதைக் காட்டு” என்பார். நன்கு பழகிய பின்னரே, “இது எப்படி இருக்கிறது?” என வினவுவார். கேட்டல், அறிதல், கூறல் என்னும் இம்மூன்று படிகள் புதுமொழி கற்கும் குழந்தைக்குப் பேருதவியாகும்; பேசுமாறு வற்புறுத்தப்படுவதற்கு முன் புரிந்துகொள்ள அதற்குக் காலம் கிடைக்கிறது.

உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைக் குழந்தை கூறும். தமிழுக்கு இம்முறையைச் சற்று மாற்றியமைக்க வேண்டும். ‘கொ’ என்பது ஓரொலியாயினும் அதன் குறிகள் ககரத்தின் இருபுறமும் நிற்கின்றன. ‘கு’, ‘சு’, ‘பு’ ஆகியவற்றில் உகரம் வெவ்வேறு வடிவம் கொள்கிறது. எனவே, துணைக்குறிகளைத் தனித்தனி அட்டைகளாக்கியும், உகர ஊகார வரிசைகளைத் தனியே பழக்கியும் கற்பித்தல் நலம்.

> தெரிந்து தெளிவோம்
> பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939இல் சென்னை அடையாற்றுக்கு மாண்டிசோரி வந்தார். அவர் இத்தாலிய மொழியில் ஆற்றிய உரைகளை அவருடைய மகன் மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பணியாற்றினார். அவருடைய இந்திய உரைகளின் அடிப்படையிலான ‘தி அப்சார்பெண்ட் மைண்ட்’ என்னும் நூல் 1949இல் சென்னையில் வெளிவந்தது.

தாய்மொழியின் இடம்

பொருள்கள் மட்டுமே போதுமா? போதா. அச்சத்தையும் கனவையும் ‘ஏன்’ என்னும் வினாவையும் வெளிப்படுத்த மொழி வேண்டும். அதற்குத் தாய்மொழியே இயல்பான கருவி. ஆகவே, பன்மொழி வகுப்பில் ஆசிரியர் குழந்தையின் வீட்டுச்சொல்லைத் தவறென ஒதுக்காமல், அதனருகே பள்ளிச்சொல்லையும் வைக்க வேண்டும். பல வயதினர் ஒருங்கே பயில்வதால், இருமொழியும் அறிந்த மூத்த குழந்தை இளைய குழந்தைக்குப் பாலமாகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், செயல்பாடுகளின் வழியே குழந்தையை மையப்படுத்திய கற்றல் நிகழ வேண்டும் என்றும், இயன்றவரை பயிற்றுமொழி தாய்மொழியாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அதற்கு முன்னரே, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பின் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், மாண்டிசோரி கருத்துகளின் தாக்கத்தைக் காணலாம்.

குழந்தைமையக் கல்வி என்பது விலையுயர்ந்த கருவிகளின் பெயரன்று. புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் கொண்டு எண் கற்பிக்கலாம். வாய் திறவாத குழந்தையின் கைகள் என்ன செய்கின்றன எனப் பொறுமையுடன் நோக்கும் ஆசிரியரே அக்கல்வியின் முதற்கருவி. மௌனத்தை அறியாமையெனத் தீர்ப்பளிக்காத வகுப்பறையில், எம்மொழிக் குழந்தையும் அயலாராவதில்லை.