பாக்கெட் போகும் பாதை – 12: மாற்றச் சொன்னோம், மாறவில்லை

சூரத்கல் என்.ஐ.டி. ஆட்கள் லினக்ஸ் கர்னலுக்குள் ஒரு வரிசைமுறையைக் கொண்டுபோய்ச் சேர்த்த கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். சேவுகம்பட்டியிலிருந்து வந்த ஒரு போன் என்னை வேறு பக்கம் இழுத்துப் போய்விட்டது. க்யூ, கிளாஸ், ஃபில்டர் மூன்றையும் பற்றிப் போன இரண்டு வாரங்களில் எழுதியாயிற்று. லைன் வேகத்தில் ஒரு பங்குதான் கிளாஸ். வருகிற பாக்கெட்டைப் பார்த்து ‘நீ இந்த கிளாஸுக்குப் போ’ என்று கைகாட்டுவது ஃபில்டர். அது நினைவிருந்தால் போதும்.

சேவுகம்பட்டி, வத்தலகுண்டுப் பக்கத்துப் பேரூராட்சி. தை மாதம் அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விடுவார்களே, அந்த ஊர். அங்கே தெரிந்த தம்பி ஒருவர் ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கும் சென்டர் வைத்திருக்கிறார். ஒரே இணைய லைன். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு அதையே வாசல் காவலாக நிறுத்தியிருக்கிறார். விண்ணப்பம் போடும் மெஷினுக்கு வேகமான கிளாஸ், 1:10. பின்னறை மெஷின்களுக்கு 1:20. பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி நாளில் பிள்ளைகள் வாசலில் நிற்கும்போது முன்னறை மெஷின் திணறக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

முதல் தடவை அவர் கூப்பிட்டது ஒரு மாதத்துக்கு முன்னால். பின்னறையில் இருந்த மெஷின் ஒன்றை முன்னறைக்குக் கொண்டுவந்து, அதன் ஐ.பி. முகவரியை 1:20-லிருந்து 1:10-க்கு மாற்ற லினக்ஸின் ‘டிசி ஃபில்டர் ரீப்ளேஸ்’ கட்டளையைக் கொடுத்திருக்கிறார். எர்ரர் இல்லை. ஆனால் வேகம் பழையபடியே. அன்றைக்குச் சாயந்திரம் கரண்ட் போய் வந்ததும் தானாகச் சரியாகிவிட்டது.

காரணம் இதுதான். யூ32 வகை ஃபில்டர் ஒவ்வொன்றுக்கும் ஹேண்டில் என்று ஓர் அடையாள எண் உண்டு. முதல் ஃபில்டர் 800::800, அடுத்தது 800::801. ஹேண்டில் சொல்லாமல் ‘ரீப்ளேஸ்’ என்றால் எதை மாற்றுவது என்று கர்னலுக்குத் தெரியாது. புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடும். அவர் கட்டளைகளை எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டில் முன்னுரிமை எண் இருந்தது, ஹேண்டில் இல்லை. அதனால் புதியது பழையதற்குப் பின்னால் போய் நின்றது. முதலில் பொருந்துகிற ஃபில்டர் பாக்கெட்டை அனுப்பிவிடும் என்பதால் புதியதற்கு வேலையே வரவில்லை. முன்னுரிமை எண்ணையும் சொல்லாமல் விட்டிருந்தால் கர்னல் தானாக எண் போடும்: முதலாவதுக்கு 49152, அடுத்ததற்கு 49151. எண் குறைந்தால் முன்னுரிமை கூடும். அப்போது புதியது முன்னால் நின்றிருக்கும்! ஒரே கட்டளையில் ஓர் எண்ணைச் சொன்னால் பழையது ஜெயிக்கிறது, சொல்லாவிட்டால் புதியது ஜெயிக்கிறது. இந்த அமைப்பெல்லாம் நினைவகத்தில் மட்டுமே இருப்பது. கரண்ட் போனால் அழிந்துவிடும். திருத்திய ஸ்கிரிப்ட் மறுபடி ஓடும்போது புதியது மட்டும் தனியாக ஏறியது. அதுதான் தானாகச் சரியான ரகசியம்.

“ஹேண்டில் கொடுத்து மாத்துங்க தம்பி” என்று சொல்லி வைத்தேன்.

இந்த வாரம் வந்தது இரண்டாவது போன். “அண்ணே, நீங்க சொன்ன மாதிரி ஹேண்டில் போட்டுத்தான் குடுத்தேன். எர்ரரே வரல. ஆனா புது மெஷினு இழுக்கவே மாட்டேங்குது.” நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வத்தலகுண்டில் பஸ் மாற வேண்டும். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜம் ஐயர் பிறந்த ஊர் அது. 1893-ல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக அது வரத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்றுதான். தமிழில் தொடர் எழுதுகிற யாரும் அந்த ஊரை வெறும் பஸ் மாறும் இடமாக நினைத்துவிட முடியாது. அடுத்த பஸ் வரும்வரை அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்டருக்குப் போய் ‘ஷோ’ கட்டளை கொடுத்துப் பார்த்தோம். முன்னறையில் பழைய மெஷினை எடுத்துவிட்டுப் புதியது வைத்திருந்தார். பழையதன் முகவரி 20-ல் முடியும், புதியது 35-ல். திரையில் முகவரி பதினறும எண்ணாக வரும். கடைசி இரண்டு இலக்கம் 14 என்று இருந்தது. நம் கணக்கில் 20. மாறியிருந்தால் 23 என்று காட்ட வேண்டும். ‘ரீப்ளேஸ்’ கட்டளையை எங்கள் இருவர் கண் முன்னால் மறுபடி கொடுத்தோம். எர்ரர் இல்லை. 14 அப்படியே நின்றது. அதற்குள் 20 என்ற முகவரி பின்னறையில் யாருடைய போனுக்கோ போய், வேகமான கிளாஸ் முழுவதும் அந்த போனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

ராத்திரி கர்னலின் மூல நிரலை எடுத்து உட்கார்ந்தேன். யூ32 ஃபில்டரை ஹேண்டில் சொல்லி மாற்றும்போது, போய்ச் சேரும் கிளாஸை மாற்றலாம், கூடவே செய்யும் செயலையும் மாற்றலாம். எந்தப் பாக்கெட்டைப் பிடிப்பது என்ற பொருத்த விதியை மட்டும் மாற்ற முடியாது. நீங்கள் கொடுக்கும் புது விதியைக் கர்னல் எடுத்துப் பார்ப்பதே இல்லை. பழைய ஃபில்டரில் இருந்ததையே நகலெடுத்துக்கொள்கிறது. மாற்ற மாட்டேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் குறையில்லை. வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது தவறு.

அந்த நகலெடுக்கும் இடம்தான் என்னைத் தூங்க விடவில்லை. 2014-ல், 3.18 பதிப்புக்காக, ஃபில்டர்களை மாற்றும் முறையையே திருத்தி எழுதினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரில் கை வைத்தால் பாதி பழசும் பாதி புதுசுமாக ஒரு பாக்கெட் பார்த்துவிடும். அதனால் ஒரு நகல் எடு, நகலைத் திருத்து, ஒரே நொடியில் பழையதன் இடத்தில் நகலை வை, பழையதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் போன பிறகு அதை அழி. அருமையான யோசனை. ஆனால் அந்த நகலுக்குள் ஒரு கணக்குப் பிழை இருந்தது.

ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் பாத்தியதை என்று ஊர் நோட்டில் எழுதியிருக்கிறது. எண்ணிக்கை பூஜ்யமானால் கிணற்றை மூடிவிடலாம். தகப்பன் போய் மகன் வருகிறான். தகப்பன் போனதற்கு ஒன்றைக் கழித்தவர்கள் மகன் வந்ததற்கு ஒன்றைக் கூட்டவில்லை. நோட்டில் பூஜ்யம். கிணற்றை மூடிவிடுகிறார்கள். மகன் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வருகிறான். கிளாஸ்தான் கிணறு, ஃபில்டர்தான் பாத்தியக்காரர். அழிக்கப்பட்ட கிளாஸின் நினைவகத்தைப் புது ஃபில்டர் இன்னும் சுட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் தனக்கு வேண்டியதை நிரப்பி, மெஷினில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் முழு நிர்வாகி அதிகாரத்தைப் பிடித்துவிட முடியும்.

யூ32, எஃப்டபிள்யூ, ரூட் என்ற மூன்று வகை ஃபில்டரிலும் இதே பிழை. பாதுகாப்புக் குறைகளைப் பதியும் பட்டியலில் சிவிஇ-2023-4206, 4207, 4208 என்று மூன்று எண் கொடுத்து 2023-ல் திருத்தினார்கள். திருத்தம் சின்னது: பழைய ஃபில்டரின் கிளாஸ் குறிப்பை நகலுக்கு எடுத்துச் செல்லாதே. ஒன்பது ஆண்டுகளாக உலகம் முழுக்க ஓடிய நிரலில் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது.

சேவுகம்பட்டியில் நாங்கள் செய்தது: புது முகவரிக்கு வேறு முன்னுரிமை எண்ணில் ஒரு ஃபில்டரை முதலில் சேர்த்தோம், பிறகு பழையதை ஹேண்டில் சொல்லி நீக்கினோம். வரிசையைத் தலைகீழாக்கக் கூடாது. இடையில் ஃபில்டர் இல்லாத நேரத்தில் பாக்கெட்டுகள் இயல்பு கிளாஸுக்குப் போகும். எச்டிபி என்ற க்யூ வகையில் இயல்பு கிளாஸே குறிக்காவிட்டால் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் முழு வேகத்தில் வெளியேறும்.

இப்படி லினக்ஸ் பெட்டி வைத்து லைன் பிரிப்பவர்கள் இந்த வாரமே இரண்டு காரியம் செய்யுங்கள். கர்னலில் அந்த 2023 திருத்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ‘ஷோ’ கொடுத்து, ஒரே முகவரி இரண்டு முறை வருகிறதா என்று எண்ணுங்கள். வந்தால் எனக்கு எழுதுங்கள். சூரத்கல்காரர்களின் எஃப்க்யூ-பை, 2020-ல் 5.6 பதிப்பில் சேர்ந்தது, அடுத்த வாரம்.