வெயில் அவசரப்படுத்திய கோதுமை

2022 மே மாத நடுவில் மத்திய அரசு பஞ்சாப், அரியானா கொள்முதல் நிலையங்களுக்கு ஒரு தளர்வு கொடுத்தது. அரசு வாங்கும் கோதுமையில் சுருங்கிய, உடைந்த மணிகள் 6 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான விதி. அந்த ஆண்டு 18 விழுக்காடு வரை இருந்தாலும் விலையைக் குறைக்காமல் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். இப்படி ஓர் உத்தரவு சும்மா வராது. மண்டியில் கொட்டிக் கிடந்த குவியலில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் காரணம் தெரிந்திருக்கும். மணிக்கு நீளம் இருக்கிறது, வயிறு இல்லை. நடுவில் ஓடும் கோடு பள்ளமாகி, இரண்டு கன்னமும் ஒட்டி, தோல் சுருக்கம் விழுந்து கிடக்கிறது.

அந்தப் பருவத்தில் வறட்சி இல்லை. கால்வாயிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் தண்ணீர் இருந்தது. பெரிய நோயோ பூச்சித் தாக்குதலோ கிடையாது. பிப்ரவரி மாதம் வேளாண் அமைச்சகம் போட்ட கணக்கு, 11.13 கோடி டன் கோதுமை வரும் என்றது. அதற்குப் பிறகு மார்ச் வந்தது. இந்திய வானிலைத் துறை கணக்கு வைக்கத் தொடங்கிய 1901-இலிருந்து அவ்வளவு சூடான மார்ச் வந்ததில்லை. நாடு முழுவதுக்குமான பகல் வெப்பநிலையின் சராசரி 33.1 பாகை செல்சியஸ். மழையோ வழக்கத்தைவிட 71 விழுக்காடு குறைவு. கடைசிக் கணக்கில் விளைச்சல் 10.77 கோடி டன்னாக நின்றது. முந்தைய ஆண்டு 433 லட்சம் டன் கொள்முதல் செய்த அரசுக்கு இந்த முறை கிடைத்தது 188 லட்சம் டன்தான். (உக்ரைன் போரால் விலை ஏறியிருந்ததால் வியாபாரிகள் கூடுதல் விலை கொடுத்து அள்ளிக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம். பழியெல்லாம் வெயிலுக்கே அல்ல.) மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

வெயில் பயிரைக் கருக்கிவிட்டது என்று நாம் எளிதாக நினைத்துக்கொள்வோம். வயல்களில் கருகல் பெரிதாகத் தென்படவில்லை. கதிர்கள் பொன்னிறமாக, பார்க்க அழகாக, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக முற்றியிருந்தன. அந்தக் ‘கொஞ்சம் சீக்கிரம்’தான் நாட்டின் விளைச்சலைக் குறைத்தது.

வட இந்தியாவில் கோதுமையின் வாழ்க்கை நவம்பர் முதல் பாதியில் தொடங்குகிறது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் தூர் கட்டும். பிப்ரவரி கடைசியை ஒட்டிப் பூக்கும். மார்ச் முழுவதும் மணி நிரம்பும். ஏப்ரல் நடுவில் பைசாகித் திருநாள் வரும்போது அறுவடை. ஆனால் செடி இந்த நாட்களை எண்ணுவதில்லை. தனக்குக் கிடைத்த சூட்டைக் கூட்டிக்கொண்டு போகிறது. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 18 பாகை என்றால் கணக்கில் 18 ஏறும். 24 என்றால் 24 ஏறும். ஆட்டோ மீட்டர் போலத்தான். சூடு கூடினால் மீட்டர் வேகமாக ஓடும், இறங்க வேண்டிய இடம் சீக்கிரம் வந்துவிடும். பூத்ததிலிருந்து முற்றும்வரை 750 அலகு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 18 பாகை இருந்தால் அதற்கு 42 நாள் ஆகும். 24 பாகையாக இருந்தால் 31 நாளில் கதை முடிந்தது.

பதினொரு நாள் போனால் என்ன என்று தோன்றலாம். நன்றாக விளைந்த ஒரு கோதுமை மணியின் எடை ஏறத்தாழ 40 மில்லிகிராம். மும்முரமாக நிரம்பும் நாட்களில் அது ஒரு நாளைக்கு 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஏறும். ஹெக்டேருக்கு 5 டன் விளையும் பஞ்சாப் வயலில் ஒரு சதுர மீட்டருக்குள் சுமார் 12,500 மணிகள் இருக்கும். ஒவ்வொன்றும் 1 மில்லிகிராம் குறைந்தால் ஹெக்டேருக்கு 125 கிலோ போகிறது. ஏக்கர் கணக்கில் 50 கிலோ, ஒரு மூட்டை. நிரம்பும் பருவத்தில் ஒரு நாள் குறைவது என்றால் ஏக்கருக்கு ஒரு மூட்டை குறைவது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழ வேண்டும். சூடு கூடினால் வேதிவினைகளும் வேகமெடுக்குமே, 42 நாள் வேலையை 31 நாளில் முடித்துவிட்டால் என்ன? செடியும் அதற்குத்தான் முயல்கிறது. ஆனால் மணிக்குள் ஒரு நொதி அதற்கு ஒத்துழைப்பதில்லை.

மணி எப்படி நிரம்புகிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பூத்து முதல் பத்துப் பன்னிரண்டு நாள் எடை அதிகம் ஏறாது. செல்கள் பிரிந்து பிரிந்து பெருகும். எத்தனை செல்கள் உருவாகின்றனவோ அத்தனை அறைகள். பின்னால் வரும் மாவுக்கு இடம் அவ்வளவுதான். அப்போது மணியை நசுக்கினால் தெளிந்த நீர் வரும். அடுத்தது பால் பிடிக்கும் பருவம். நகத்தால் கீறினால் வெள்ளையாகப் பீறிடும். அந்தப் பால் முழுக்க மாவுச்சத்துத் துகள்கள். நுண்ணோக்கியில் இரண்டு வகை தெரியும்: பயறு வடிவில் பெரியவை, உருண்டையாகச் சிறியவை. பெரியவை பூத்த சில நாட்களிலேயே உருவாகத் தொடங்கிவிடும். சிறியவை இரண்டு வாரம் கழித்து வந்து, பெரியவற்றுக்கு இடையில் உள்ள சந்துகளை அடைக்கும். பிறகு பால் இறுகிக் கெட்டி மாவாகி, கடைசியில் நகம் இறங்காத கடினத்துக்கு வந்துவிடும்.

இலையிலிருந்து வரும் சர்க்கரையை மாவுச்சத்துச் சங்கிலியாகக் கோக்கும் நொதிகளில் ஒன்று, கரையும் மாவுச்சத்துத் தொகுப்பி. 20 பாகையைச் சற்றுத் தாண்டியதுமே அதன் திறன் சரியத் தொடங்குகிறது. நமக்கு இதமாகத் தோன்றும் வெப்பநிலை அது! 1990-களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகள் இதை உறுதி செய்தன. சூட்டில் வைத்த மணிக்குள் சர்க்கரை வந்து சேர்ந்திருந்தது, கோப்பதற்குத்தான் ஆளில்லை. சந்துகளை அடைக்க வேண்டிய சிறு துகள்கள் தாமதமாக வருபவை என்பதால் அடி அவற்றின்மீதே அதிகம் விழுகிறது. மண்டியில் பார்த்த ஒட்டிய கன்னத்துக்குள் நடந்திருப்பது இதுதான்.

இலையிலும் இதே போன்ற ஒரு பலவீனம் உண்டு. ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்ற நொதி நல்ல சூட்டைத் தாங்கும். அதை அவ்வப்போது தட்டி எழுப்பி வேலைக்கு அனுப்பும் துணை நொதி ஒன்று இருக்கிறது, 30 பாகைக்கு மேல் அது தள்ளாடுகிறது. இரவும் சூடாக இருந்தால், பகலில் சம்பாதித்த சர்க்கரையைச் செடி மூச்சு விட்டே செலவழிக்கிறது. பச்சையமும் சீக்கிரம் கழல்கிறது. வட இந்திய வயல்களை ஒன்பது ஆண்டுகள் செயற்கைக்கோள் வழியாகக் கவனித்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, 34 பாகையைத் தாண்டிய நாட்கள் கோதுமைக்கு முதுமையை முன்கூட்டியே கொண்டுவருவதைக் காட்டியது. அதுவரை விளைச்சலைக் கணித்துவந்த கணினி மாதிரிகள் இந்த முதுமையைக் குறைத்தே எடை போட்டிருந்தன என்பதையும் அது சுட்டியது.

வெயில் இன்னும் முன்னால், பூப்பதற்கு எட்டுப் பத்து நாள் முன் வந்தால் கதை வேறு. கதிர் இன்னும் இலையுறைக்குள் பொதியாக இருக்கும். உள்ளே மகரந்தத் தாய்ச்செல்கள் பிரிந்துகொண்டிருக்கும். அந்தச் சில நாட்களில் 30 பாகைக்கு மேல் போனால் மகரந்தம் மலடாகிவிடும். மணி சிறுப்பதற்குப் பதில் மணியே இருக்காது. 2022-இல் பெரும்பாலான வயல்கள் அந்தக் கண்டத்தைத் தாண்டிய பிறகே வெயில் வந்தது. அதனால் இழப்பு பெரும்பாலும் எடையில்தான்.

செடி கைகட்டி நிற்பதில்லை. சூடு உறைத்த சில நிமிடங்களிலேயே அது வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உற்பத்தி செய்யத் தொடங்கும். மற்ற புரதங்கள் சூட்டில் குலைந்து கட்டிதட்டாமல் பிடித்துக்கொள்வது இவற்றின் வேலை. கோதுமை முதல் மனிதர் வரை எல்லா உயிர்களிடமும் உள்ள இந்த ஏற்பாடு வெளிப்பட்டது ஒரு தற்செயலில். இத்தாலிய ஆய்வாளர் ஃபெருச்சோ ரிட்டோசா வளர்த்துவந்த பழ ஈக்களின் பெட்டியில் யாரோ வெப்பநிலையைக் கூட்டிவிட்டார்கள். ஈயின் குரோமோசோம்களில் புதுப் புடைப்புகள் தோன்றியிருப்பதைக் கண்டு அவர் 1962-இல் எழுதினார். அந்தக் கையின் சொந்தக்காரருக்கு அறிவியல் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ஏற்பாடு தண்டில். பூப்பதற்கு முன் மிச்சமான சர்க்கரையைக் கோதுமை தண்டில் ஃப்ரக்டான் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. இலைகள் சோர்ந்து போனதும் அதைக் கரைத்துக் கதிருக்கு அனுப்பும். கதிரின் நுனியில் விறைத்து நிற்கும் மீசைகளும் பச்சையாக இருக்கும்வரை ஒளிச்சேர்க்கை செய்யும். மணியை ஒட்டியே இருப்பதால் அந்தச் சர்க்கரைக்கு வழிச்செலவு குறைவு.

எல்லாவற்றிலும் எனக்கு வியப்பு தருவது வியர்வை. இலைத்துளைகள் வழியே நீராவி வெளியேறும்போது இலை குளிர்கிறது. வேருக்குத் தண்ணீர் கிடைக்கும் பயிரின் மேற்பரப்பு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை குளிர்ச்சியாகவே இருக்கும். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், நார்மன் போர்லாக் குட்டைக் கோதுமையை உருவாக்கிய அதே யாக்கி பள்ளத்தாக்கில், கோதுமை ஆராய்ச்சி செய்யும் சிமிட் நிறுவனத்தார் வேண்டுமென்றே காலம் தாழ்த்தி விதைத்துப் பயிரை வெயிலில் மாட்டிவிடுகிறார்கள். பிறகு அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டி, காய்ச்சல் பார்ப்பதுபோல ஒவ்வொரு பாத்தியாகச் சூடு பார்க்கிறார்கள். எந்த ரகம் குளிர்ச்சியாக இருக்கிறதோ அது பெரும்பாலும் அதிகம் விளைகிறது. வேர் ஆழமாக இறங்கித் தண்ணீரை எட்டியிருக்கிறது என்பதற்கு மேலே அளந்த அந்தக் குளிர்ச்சி சாட்சி. தோண்டாமலே வேரைப் படிக்கும் வழி இது.

வெயிலைத் தாங்கும் குணத்துக்காகக் கோதுமையின் பழைய உறவுகளிடமும் தேடுகிறார்கள். நாம் சம்பா கோதுமை என்று கேட்டு வாங்கும் எம்மர் இனம், குளிர்காலம் குட்டையாக முடிந்துவிடும் தக்காணத்தில் நெடுங்காலமாக விளைந்துவருவது. அப்படி விளைந்ததே அதன் தகுதிச் சான்று.

சமையலறைக்கும் இதில் பங்கு உண்டு. சூட்டில் மாவுச்சத்து குறையும் அளவுக்குப் புரதம் குறைவதில்லை. ஆகவே சுருங்கிய மணியில் புரத விழுக்காடு ஏறியிருக்கும். தரம் உயர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தால் ஏமாற்றம்தான். 35 பாகையைத் தாண்டிய கடும் சூடு மாவுக்கு இழுவை தரும் புரதங்களின் விகிதத்தைக் கலைத்துவிடுகிறது. பிசைந்த மாவு தளர்ந்துபோகும். தோல் அதிகம், மாவு குறைவு என்பதால் ஆலைக்காரருக்கும் நட்டம்.

விவசாயி என்ன செய்யலாம்? காற்று அடங்கிய நேரம் பார்த்து லேசாக ஒரு தண்ணீர் விடலாம். காற்றடிக்கும்போது விட்டால் ஈரமண்ணில் கதிர் பாரம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். 2 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைப் பொதிப் பருவத்திலும் பூக்கும்போதும் தெளிக்கச் சொல்கிறது லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம். இவை எல்லாம் கடைசி நேரக் கைவைத்தியம். உருப்படியான வழி மார்ச் வெயிலுக்கு முன்பே மணியை நிரப்பிவிடுவது, அதாவது முன்கூட்டி விதைப்பது.

அதிலும் ஒரு சிக்கல். வழக்கமான ரகத்தை அக்டோபரில் விதைத்தால், அந்த மாதத்துச் சூட்டில் மீட்டர் ஆரம்பத்திலேயே ஓடிவிடும். சரியாகத் தூர் கட்டாமல், உடம்பு வளராமல் செடி பூத்துவிடும். தில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் கொண்டுவந்த எச்டி 3385 போன்ற ரகங்கள், கொஞ்சம் குளிர்பட்ட பிறகே பூக்க முனையும்படி உருவாக்கப்பட்டவை. அக்டோபர் 20-ஐ ஒட்டி விதைத்தாலும் அவை பனிக்காலம் வரும்வரை பொறுமையாக இலையும் தூருமாக வளரும். கர்னால் ஆராய்ச்சி நிலையத்தின் டிபிடபிள்யூ 187, 303 ரகங்களும் முன்பட்ட விதைப்புக்கு ஏற்றவை.

ரகம் தயார், நிலம் தயாரில்லை. அக்டோபர் கடைசிவரை பஞ்சாப் வயலில் நெல் நிற்கிறது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-இல் வந்த சட்டம், ஜூன் 10-க்கு முன் நாற்று நடக் கூடாது என்றது. தண்ணீருக்கு அது அவசியம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். அறுத்த தாளை அப்புறப்படுத்த அவகாசம் இல்லாமல் தீ வைக்கிறார்கள். அதிலிருந்து தப்ப ஒரு கருவி உண்டு: தாளை வெட்டி ஒதுக்கியபடியே உழாத மண்ணில் கோதுமையை விதைத்துப் போகும் ஹேப்பி சீடர். உழவுக்குச் செலவாகும் நாட்கள் மிச்சமாகின்றன, விதைப்பு முன்னுக்கு வருகிறது. மண்மேல் மூடாக்காகக் கிடக்கும் அந்தத் தாள் மார்ச்சில் ஈரத்தைப் பிடித்துவைத்து, வேர்ப்பகுதியின் சூட்டையும் சற்றுத் தணிக்கிறது. தீ வைத்திருந்தால் நவம்பரில் தில்லிக்குப் புகையாகப் போயிருக்க வேண்டிய தாள் அது.