உஷார்! கருவிலிருக்கும் மூளைக்கு ஒரு மிடறு மதுவும் ஆகாது

"ஒரு கிளாஸ் ஒயின்தானே, என்ன ஆகிவிடப்போகிறது?" என்று கர்ப்பிணியிடம் யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவின் ரத்தத்தில் கலக்கிறது. அதை முறித்து வெளியேற்றும் திறன் சிசுவின் ஈரலுக்கு இன்னும் முழுதாக வந்திருக்காது.

அந்த மது மூளையில் எங்கே கை வைக்கிறது தெரியுமா? மைக்ரோ ஆர்என்ஏ என்ற நுண்ணிய மூலக்கூறுகளில். ஒவ்வொன்றும் மரபுக் குறியீட்டில் சுமார் 22 எழுத்து நீளம்தான். மரபணுவிலிருந்து புரதம் செய்யச் சொல்லி வரும் தூது ஆர்என்ஏவோடு இவை ஒட்டிக்கொண்டு, அந்த வேலையைத் தடுக்கும்; சில நேரம் தூதையே சிதைத்துவிடும். ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களை அடக்கி ஆளக்கூடியது. 1993இல் ஒரு சின்னஞ்சிறு புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூளை வளரும்போது மூல செல்கள் பெருக வேண்டும். வேளை வந்ததும் பெருகுவதை நிறுத்தி நரம்பு செல்களாக மாற வேண்டும். அந்த வேளையைத் தீர்மானிப்பதில் 9, 124 என்ற எண்களால் குறிக்கப்படும் மைக்ரோ ஆர்என்ஏக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் ராஜேஷ் மிராண்டாவின் குழு, எலிக்கருவின் மூளையிலிருந்து எடுத்த செல்களை மதுவில் வைத்துப் பார்த்தது. 2007இல் வெளியான முடிவு பகீரென்றது: 9, 21, 153, 335 ஆகிய நான்கு மைக்ரோ ஆர்என்ஏக்களும் சரிந்துவிட்டன. செல்கள் செத்து விழவில்லை. உயிரோடு இருந்துகொண்டே தடம் மாறின. எனக்கு இதுதான் அதிகம் பயமூட்டுகிறது. சேதம் நடப்பது வெளியே தெரியவே தெரியாது.

குழந்தை பார்க்க நன்றாகவே பிறக்கலாம். பள்ளிக்குப் போன பிறகு கவனம் நிற்காது, கணக்கு ஏறாது, கோபம் அடங்காது. வீட்டில் 'சேட்டை' என்பார்கள், பள்ளியில் 'மக்கு' என்பார்கள். கருவில் பட்ட மதுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

இன்னொன்று, அவசியம் கவனியுங்கள். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழாய், கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் உறைக்கும். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே மதுவை விட்டுவிட வேண்டும்.

'நாங்கள் குடிக்கிற குடும்பம் இல்லை' என்பவர்களும் அலமாரியைத் திறந்து பாருங்கள். அரிஷ்டம், ஆசவம் வகை மருந்துகள் புளிக்கவைத்துச் செய்யப்படுபவை. அவற்றில் தானாகவே ஆல்கஹால் உண்டாகிறது. புட்டியின் லேபிளில் பொடி எழுத்தில் அதன் சதவீதம் இருக்கும். சிலவற்றில் அது பீருக்குச் சமம், சிலவற்றில் அதற்கும் மேல். பசிக்கு, செரிமானத்துக்கு என்று கர்ப்பிணிக்கு நீங்களாக ஊற்றிக் கொடுக்காதீர்கள். புட்டியை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

தெரியாமல் குடித்துவிட்டீர்களா? இன்றே நிறுத்துங்கள், எப்போது நிறுத்தினாலும் அது குழந்தைக்கு நல்லதுதான். பரிசோதனைக்குப் போகும்போது மறைக்காமல் சொல்லுங்கள். கணவர்மாரே, மாமியார்மாரே, அவள் சொல்லும்போது திட்டாதீர்கள், கூடப் போய் உட்காருங்கள். கர்ப்பத்தில் இவ்வளவு குடித்தால் பாதகமில்லை என்று சொல்ல, பாதுகாப்பான அளவு எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை.