பாடத்தைத் தள்ளினார்கள், பக்தியை அல்ல!

கடவுளை நம்புகிறான் என்பதற்காக ஒரு மாணவனுக்குப் பல்கலைக் கழகத்தின் கதவை அடைக்கலாமா? கூடாது. எள்ளளவும் கூடாது. அப்படி அடைத்தால் அடிபட்ட மாணவன் பக்கமே நாம் நிற்போம்.

இன்னொரு கேள்வி. உயிரியல் படித்து முடித்தேன் என்று சான்றிதழோடு வருகிறான் ஒரு மாணவன். அவன் படித்த நூலைப் புரட்டினால், உயிரியலுக்கு முதுகெலும்பாக இருக்கும் கொள்கையே பொய் என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சான்றிதழை அப்படியே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டுமா?

முதல் கேள்வியைக் கொடியாக உயர்த்திப் பிடித்து, இரண்டாவது கேள்வியை அதன் நிழலில் ஒளித்து வைத்து ஒரு வழக்கு நடந்தது, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில். 2005 ஆகஸ்டில் தொடங்கி 2010 அக்டோபரில் முடிந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் சர்வதேசக் கிருத்துவப் பள்ளிகள் சங்கத்தார், மரியெட்டா நகரில் உள்ள கால்வரி சேப்பல் கிருத்துவப் பள்ளியார், அப்பள்ளி மாணவர் சிலர். வழக்குக்கு ஆளானது கலிபோர்னியாப் பல்கலைக் கழகம்.

அந்தப் பல்கலைக் கழகம் யாருடையது? எந்தச் சீமான் வீட்டுச் சொத்தும் அல்ல. 1868இல் அரசு நிறுவியது. மக்கள் கட்டும் வரியில் வளர்ந்தது. கட்சிச் செல்வாக்கும் மதப்பிரிவுச் செல்வாக்கும் அதனை அண்டக்கூடாது என்று அம்மாநிலத்தின் அரசியல் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 1960இல் வகுத்த கல்வித் திட்டப்படி, உயர்நிலைப் பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்கினருக்கே அங்கே இடம். கூலி வேலை செய்பவன் மகனும் கோடீஸ்வரன் மகனும் அந்த ஒரே வாசலில்தான் நிற்கவேண்டும்.

வாசலில் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பள்ளியில் 15 பாடங்கள் முடித்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஓராண்டுப் பாடம். வரலாறு, ஆங்கிலம், கணிதம், அயல்மொழி, இப்படி. அந்தப் பதினைந்தில் சோதனைக் கூடத்தோடு கூடிய விஞ்ஞானம் இரண்டாண்டு. கலிபோர்னியாப் பள்ளி எதுவாயினும், அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, தன் பாடத்திட்டத்தை அனுப்பி ஒப்புதல் பெறவேண்டும். கிருத்துவப் பள்ளிக்கென்று தனிச் சட்டம் போடவில்லை.

தகராறு வந்தது எந்த இடத்தில்? உயிரியல் பாடத்துக்கு முதன்மை நூலாக இரண்டு வெளியீடுகளைக் கொண்டுவந்தார்கள். ஒன்று பாப் ஜோன்ஸ் பல்கலைக் கழக அச்சகத்தாருடையது. மற்றொன்று ஏ பெக்கா நிறுவனத்தாருடையது. இவற்றை மட்டும் முதன்மையாக வைத்து நடத்தும் பாடத்தை உயிரியல் பாடமாக ஏற்க இயலாது என்றது பல்கலைக் கழகம். வரலாறு, இலக்கியம், அரசாங்கம் ஆகிய பாடங்கள் சிலவும் தள்ளப்பட்டன. அவற்றின் கதை தனி. நாம் உயிரியலை மட்டும் எடுத்துக்கொள்வோம், நோய் அங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது.

பாப் ஜோன்ஸ் அச்சகத்தாரின் நூல் முன்னுரையிலேயே ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறது: தேவ வசனத்துக்கு முதலிடம், விஞ்ஞானத்துக்கு இரண்டாம் இடம். அதோடு விடவில்லை. ஒரு முடிவு வேதத்துக்கு முரணாக இருந்தால் அந்த முடிவு தவறானதே, எத்தனை விஞ்ஞான உண்மைகள் அதனைத் தாங்கி நிற்பதுபோலத் தோன்றினாலும் தவறானதே என்கிறது.

அடேயப்பா! எத்தனை உண்மைகள் வந்து சாட்சி சொன்னாலும் தீர்ப்பு மாறாதாம். அப்படியானால் சோதனைக் கூடம் எதற்கு? நுண்பெருக்கிக் கண்ணாடி எதற்கு? தராசும் குடுவையும் எதற்கு? விடையை முதலில் எழுதி வைத்துவிட்டுக் கணக்கைப் பின்னால் போடும் பையனை எந்த வாத்தியாராவது பாராட்டுவாரா?

நூலாசிரியர்களின் நேர்மையை நாம் குறை கூறவில்லை. நம்புவதை மறைக்காமல் எழுதினார்கள். வீட்டில் வைத்து வாசிக்கட்டும், கோயிலில் வைத்து ஓதட்டும், பள்ளியிலேகூட வேத வகுப்பில் நடத்தட்டும். அதையே உயிரியல் என்று முத்திரை குத்தி, பொதுமக்கள் பணத்தில் நடக்கும் பல்கலைக் கழகத்தின் வாசலில் நீட்டும்போதுதான் நமக்கும் வாய் திறக்கும் உரிமை வருகிறது.

இந்தப் பல்கலைக் கழகத்துக்குக் கிருத்துவத்தின்மீது காழ்ப்பா? இதே பாப் ஜோன்ஸ் அச்சகத்தாரின் பௌதிக நூலை அது ஏற்றுக்கொண்டிருந்தது! அந்த நூலிலும் பைபிள் வசனம் உண்டு. வசனம் பக்கத்தில் இருந்தது. பௌதிகம் பௌதிகமாக இருந்தது. ஆகவே தடை இல்லை. உயிரியலில் வசனம் வந்து பாடத்தின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. ஆகவே தடை. சிலுவையைக் கண்டு ஓடுகிறவர்கள் ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளுவார்களா?

பல்கலைக் கழகத்தின் சார்பில் கருத்துரைத்த அறிஞர்களில் ஒருவர் டொனால்டு கென்னடி. ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தின் தலைவராக இருந்தவர். மற்றொருவர் பிரான்சிஸ்கோ அயாலா. இவர் யார் தெரியுமா? ஸ்பெயின் நாட்டில் பாதிரியாராகப் பட்டம் பெற்று, பிறகு உயிரியல் ஆராய்ச்சிக்கு வந்தவர். வழக்கை விசாரித்த நீதிபதி ஜேம்ஸ் ஒட்டேரோ, குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் நியமித்தவர். மதத்தின் எதிரிகள் கூடிச் செய்த சதி என்று சொல்லவும் வழியில்லை.

பள்ளிகளின் பக்கம் வந்த நிபுணர் மைக்கேல் பீஹி. டார்வின் கொள்கையைத் தாக்கி நூல் எழுதிப் பேர் பெற்ற உயிர் இரசாயனப் பேராசிரியர். அவர் தம் அறிக்கையில் ஒரு நியாயம் பேசினார்: ஒரு கருத்துக்கு இணங்கித்தான் ஆகவேண்டும் என்று மாணவனை நெருக்குவது அவன் மனச்சாட்சியைக் கசக்குவதாகும், கல்விக்கும் அது கேடு. பல்கலைக் கழகத்தை நோக்கி எறிந்த கல் இது. நீதிபதி அதைக் கையில் பிடித்துப் பார்த்தார். சரி ஐயா, நீர் சொல்லும் அந்தக் கேட்டை உம் பக்கத்தார் கொண்டுவந்த இந்த இரண்டு நூல்களுமே செய்கின்றனவே என்று தீர்ப்பில் குறித்தார்! மாணவன் ஆராய்ந்து ஏற்கவோ மறுக்கவோ அந்நூல்கள் இடம் வைக்கவில்லை; இதை நம்பு என்று முதல் பக்கத்திலேயே கட்டளையிடுகின்றன. பள்ளிகள் அழைத்துவந்த சாட்சியே பள்ளிகளின் வழக்கைச் சாய்த்தது.

சரி, பரிணாமக் கொள்கை தெரியாவிட்டால் தொழிலாளி மகனுக்கு என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கும் தோழர்கள் இருக்கக்கூடும். நியாயமான கேள்வி. வழக்குத் தொடுத்த பள்ளி இருக்கும் மாவட்டத்துக்கே போவோம்.

மரியெட்டா நகர் இருப்பது ரிவர்சைடு மாவட்டத்தில். ஆரஞ்சுக்குப் பேர்போன பூமி. அந்தத் தோட்டங்களைச் செதில் பூச்சி பிடித்து ஆட்டியது. இலையிலும் காயிலும் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் சிவப்புச் செதில் பூச்சி. தொழிலாளர்கள் இரவு நேரத்தில் மரத்தின்மேல் கித்தான் கூடாரத்தைப் போர்த்தி, உள்ளே சயனைடு விஷப்புகையைச் செலுத்துவார்கள். பூச்சி மடியும். பல ஆண்டு இப்படியே நடந்தது. பிறகு அதே மாவட்டத்தில், கொரோனா என்ற ஊரின் சுற்றுப்புறத்தில், அதே மருந்துக்கு, அதே அளவுக்குப் பூச்சி சாகவில்லை. வேலையாள் ஏமாற்றினானா? மருந்தில் கலப்படமா?

ரிவர்சைடில் 1907இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில், இதே கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் நிலையத்தில், எச். ஜே. குவெய்ல் என்பவர் பூச்சிகளை ஆராய்ந்துவந்தார். பூச்சிகளுக்கே விஷத்தைத் தாங்கும் சக்தி வந்துவிட்டதா என்ற கேள்வியை 1916இல் எழுப்பியவர் அவர். விடை இன்று எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் பூச்சியில் பத்துக்கு விஷத்தைத் தாங்கும் உடல்வாகு இருந்தால், மற்றவை மடிய அந்தப் பத்து பிழைக்கும். பிழைத்தவைதான் குஞ்சு பொரிக்கும். தலைமுறைகள் போனபின் தோட்டம் முழுக்க அவற்றின் வாரிசுகளே இருக்கும். டார்வின் சொன்ன தேர்வு என்பது இதுதான், தோழர்களே. எங்கோ மண்ணுக்கடியில் கிடக்கும் எலும்புக் கதை அல்ல. தோட்டக்காரனின் விளைச்சலும் கூலியாளின் வேலையும் அதில் அடங்கிக் கிடக்கின்றன.

மருத்துவமனையிலும் இதே கூத்து. பெனிசிலின் 1940களில் பரவலாக வந்தது; அந்தப் பத்தாண்டு முடியுமுன்பே அதற்கு அடங்காத கிருமிகள் மருத்துவமனைகளில் தலைகாட்டின. 1959இல் மெதிசிலின் வந்தது. 1961இல் அதற்கும் அடங்காத கிருமி பிரிட்டனில் வெளிப்பட்டது. நாளை மருத்துவராகவோ தாதியாகவோ வரப்போகிற மாணவன் இதைக் கற்காமல் வரலாமா?

சிறு மாற்றத்தை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம், ஓர் இனம் இன்னோர் இனமாவதைத்தான் மறுக்கிறோம் என்று மதப் பள்ளியார் சொல்வதுண்டு. சொல்லட்டும். எதை ஒப்பினாலும் எதை மறுத்தாலும், சான்றைப் பார்த்து ஒப்பு, சான்றைப் பார்த்து மறு என்று மாணவனுக்குக் கற்பித்தாயா என்பதே கேள்வி. சான்று மலைபோல் குவிந்தாலும் திரும்பிப் பாராதே என்று பழக்கிய பிள்ளையைச் சோதனைக் கூடத்துக்குள் அனுப்பி என்ன செய்வது?

இந்தப் போராட்டத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1925இல் டென்னசி மாநிலத்தில் பரிணாமத்தைக் கற்பித்த ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். கற்பிப்பதே குற்றம் என்ற அந்தச் சட்டம் 1967 வரை உயிரோடு இருந்தது. தடை போட முடியாத காலம் வந்ததும், பரிணாமம் சொன்னால் சிருஷ்டியையும் சரிக்குச் சரி சொல்லவேண்டும் என்று 1981இல் லூசியானா மாநிலம் சட்டம் செய்தது. 1987இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியது. அந்த வழக்கில் லூசியானாவுக்காக வாதாடியவர் வெண்டல் பேர்டு. கலிபோர்னியா வழக்கில் பள்ளிகளுக்காக வந்தவரும் அதே வெண்டல் பேர்டுதான்! முன்பு, நீ கற்பிக்காதே என்றார்கள். பிறகு, எங்களுடையதையும் சேர்த்துக் கற்பி என்றார்கள். இப்போது, நாங்கள் கற்பித்ததை நீ ஒப்புக்கொள் என்றார்கள். குரல் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது, கோரிக்கை இறங்கவில்லை.

ஒன்றை மட்டும் நாம் மறுக்கமாட்டோம். பாடத்தை எடைபோடும் அதிகாரம் பொல்லாத அதிகாரம். இன்று உயிரியலைப் பார்க்கும் கண், நாளை பள்ளி நடத்துகிறவன் யார், அவன் எந்தச் சபை, எந்தக் கட்சி என்று பார்க்கத் தொடங்கினால் என்ன செய்வது? ஆகவே அந்தக் கண் பாடத்தைத் தாண்டி ஓர் அங்குலமும் நகரக்கூடாது. அரசுப் பள்ளி அரைகுறையாக உயிரியல் நடத்தினாலும் அதே அளவுகோலால் அளக்கவேண்டும். அதிகாரி தள்ளினால், ஏன் தள்ளினாய் என்று வழக்கு மன்றத்தில் கேட்க வழி இருக்கவேண்டும். கலிபோர்னியாவில் கேட்டார்கள். 2008 மார்ச்சில் பல்கலைக் கழகத்தின் விதிகள் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில், தள்ளிய பாடங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, தள்ளியதற்குத் தக்க காரணம் உண்டு, மதத்தின்மீது பகை ஏதும் காணப்படவில்லை என்று தீர்ப்பாயிற்று.

அந்தப் பிள்ளைகள்? அவர்கள்மேல் நமக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். அவர்களைப் பெற்றவர்களை நினைத்தால் இன்னும் வருத்தம். அரசுப் பள்ளி இலவசமாக இருக்கும்போது, சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கித் தனியார் பள்ளிக்குக் கட்டுகிறார் தகப்பனார். ஒழுக்கத்தோடு கல்வியும் கிடைக்கும் என்று நம்பிக் கட்டுகிறார். உயிரியல் என்று பேர் போட்டு வேறு சரக்கைக் கொடுத்தவன் யார்? பல்கலைக் கழகமா? மாவுக்கடையில் சுண்ணாம்பை நிறுத்துக் கொடுத்துவிட்டு, ரொட்டி வேகவில்லையே என்று அடுப்பைக் குறை சொல்வார்களா?

பல்கலைக் கழகம் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழியும் திறந்து வைத்திருந்தது. அங்கீகாரம் பெறாத பாடத்தைப் படித்தவன், அந்தப் பாடத்துக்குரிய பொதுத்தேர்வை எழுதி மதிப்பெண் பெற்றால் போதும். எந்த நூலில் படித்தாய், உன் பாதிரியார் யார் என்று எவரும் கேட்கமாட்டார்கள். அதுவும் இயலாவிட்டால், எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு வரலாம்.

பள்ளிகள் மேல்முறையீடு செய்தன. 2010 ஜனவரியில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு மன்றம் கீழ்மன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மனுவை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. எந்தப் பள்ளியும் இழுத்து மூடப்படவில்லை. எந்த நூலும் பறிமுதல் ஆகவில்லை. உயிரியலுக்கு உயிரியல் நூலை முதன்மையாக வைத்து, வேத நூலைப் பக்கத்தில் வைத்துப் பாடத்திட்டத்தைத் திருத்தி அனுப்ப, கால்வரி சேப்பல் பள்ளிக்கு அன்றும் தடை இருக்கவில்லை.