பூஞ்சையின் மேல் பெயிண்ட் அடித்தால் போதுமா?

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், சூடானிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம் சிறிய அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தது. சுவரில் பூஞ்சை படர்வதாக 2017-ல் தந்தை நிர்வாகத்திடம் முறையிட்டார். அதன்மேல் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள். 2020 டிசம்பரில், இரண்டு வயது நிறைந்த எட்டாம் நாள், அவர்களின் மகன் அவாப் இஷாக் மூச்சுக் கோளாறால் இறந்தான். நீண்டகாலம் பூஞ்சை நிறைந்த வீட்டில் இருந்ததே காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார்.

நமக்கு இன்னும் வலிப்பது வேறொன்று. அந்தக் குடும்பம் குளிக்கும் முறைதான் ஈரத்துக்குக் காரணம் என்று நிர்வாகம் தானாகவே முடிவு கட்டியிருந்தது. அது தவறு எனப் பிறகு ஒப்புக்கொண்டது. காற்றோட்டம் போதவில்லை என்பதே விசாரணையில் தெரிந்தது.

நாலு பேர் உள்ள எந்த வீட்டிலும் மூச்சு, சமையல், குளியல், துணி உலர்த்துவது எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 10 லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கும். வெளியேற வழி இல்லையென்றால் அது குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படியும்: வெளிச்சுவர் மூலை, பீரோவின் பின்புறம், ஜன்னல் ஓரம். அங்குள்ள சாய்கூரை வீடுகளில் பரணுக்கும் ஏறி, கூரையின் அடியில் நீர்த்துளியாகி மரச்சட்டங்களை உளுக்க வைக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் குழாயை வெளியே விடாமல் பரணுக்குள்ளேயே நிறுத்திவிடும் வேலைக்காரர்களும் உண்டு. குளியலறை ஈரத்தை மாடிக்கு அனுப்பி வைப்பதுதான் அது!

பெயிண்ட் பூஞ்சையை மறைக்கும், ஈரத்தை ஒன்றும் செய்யாது. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழைக்குப் பின் கறை பெரிதானால் கூரையிலோ சுவரிலோ ஒழுக்கு. தரையிலிருந்து மேலேறி உப்பு பூத்தால் அடித்தளத்து ஈரம். மூலைகளில் கறுப்புப் புள்ளிகள் மட்டும் என்றால் பெரும்பாலும் காற்றோட்டக் குறைவுதான். அதற்குச் செலவும் அதிகமில்லை. குளித்து முடித்த பின்னும் ஃபேன் சிறிது நேரம் ஓடட்டும். பீரோவைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். படுக்கையறையில் ஈரத்துணி வேண்டாம், முக்கியமாக ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் தூங்கும் அறையில்.

இங்கிலாந்தில் சமூக வீட்டுவசதிக் குடியிருப்புகளில் இருக்கும் நம் உறவினர்களுக்கு ஒரு தகவல். அந்தக் குழந்தையின் பெயரால் வந்த 'அவாப் சட்டம்' 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ளது. கடுமையான ஈரம், பூஞ்சை பற்றிப் புகார் வந்தால் 10 வேலை நாட்களுக்குள் ஆய்வு செய்ய வேண்டும், உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். புகாரை எழுத்தில், படத்துடன், தேதி போட்டு அனுப்புங்கள்.