சிவப்பு அட்டைக்குப் பிறகு

பாறசாலையிலிருந்து கடலை நோக்கித் தெற்கே இறங்கினால் பொழியூர். அதைத் தாண்டினால் நீரோடி. முன்னது நெய்யாற்றின்கரை வட்டம். பின்னது குமரி மாவட்டம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி போட்ட கோடு இரண்டுக்கும் நடுவே போகிறது. அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு அது பெரிய விஷயமில்லை. மீன்பிடி, மாதா கோயில், கால்பந்து என்று எல்லாம் இரு பக்கமும் ஒன்றுதான். பேச்சிலும் மலையாளம் எங்கே முடிகிறது, தமிழ் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம்.

சந்தோஷ் டிராபிக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களைத் தந்த ஊர் பொழியூர். 2018-இல் கொல்கத்தாவில் வங்காளத்தை வென்று கோப்பையுடன் திரும்பிய கேரள அணியில் ஆடிய சீசன் இவ்வூர்க்காரர்தான். கோட்டுக்கு அப்பால் இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணிக்குத் தலைமை தாங்கி, பிறகு ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று ஐ.எஸ்.எல். வரை போனார். இந்தக் கரையில் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அல்ல. போலீஸ், மின்வாரியம், டைட்டானியம், முன்பு ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு மாதச் சம்பளத்தைக் காட்டிய வழி அது. கடல் வீட்டையும் மணலையும் அரித்துக்கொண்டு போகும் ஊரில் அந்த வழியின் மதிப்பை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வழி ஒரு நிமிடக் கோபத்தில் அடைபட்டுப் போவதும் உண்டு. இங்கே சொல்ல வந்தது அதைத்தான்.

திருவனந்தபுரம் வெட்டுக்காட்டைச் சேர்ந்த ஜோபி ஜஸ்டினை நம் வாசகர்கள் அறிவார்கள். மின்வாரிய அணியிலிருந்து 2017-இல் கொல்கத்தா ஈஸ்ட் பெங்காலுக்குப் போனவர். 2018-19 ஐ-லீக்கில் 9 கோல் அடித்து, இந்திய ஆட்டக்காரர்களில் முன்னணியில் நின்றார். பருவம் முடியும் தறுவாயில், 2019 பிப்ரவரியில், ஐஸ்வால் அணியுடன் நடந்த ஆட்டத்தில் அவருக்கும் எதிரணி ஆட்டக்காரர் ஒருவருக்கும் தகராறு வந்தது. ஒருவர் மீது ஒருவர் துப்பியதாகக் குற்றச்சாட்டு. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு இருவருக்கும் 6 ஆட்டத் தடையும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. மார்ச் 9-ஆம் தேதி கடைசி நாள். ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் அணியை 2-1 என்று வென்றது. ஜோபி களத்தில் இல்லை. அதே நேரத்தில் கோவையில் சென்னை சிட்டி 3-1 என்று மினர்வாவை வென்று 43 புள்ளிகளுடன் கோப்பையை எடுத்துக்கொண்டது. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டு அணி வென்றதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஊர்ப் பையன் ஒருவன் அந்த ஒரு புள்ளியை வெளியே இருந்து பார்க்க நேர்ந்ததும் நினைவில் நிற்கிறது.

சிவப்பு அட்டை காட்டியதோடு கதை முடிந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். அட்டை வாங்கினால் அடுத்த ஆட்டம் தானாகவே போய்விடும். அதற்கு விசாரணை தேவையில்லை. ஆனால் அடித்தல், முழங்கையால் இடித்தல், உதைத்தல், துப்புதல் போன்றவற்றில் நடுவரும் ஆட்ட ஆணையரும் எழுதும் அறிக்கை மேலிடம் போகிறது. நடுவர் பார்க்கத் தவறியதை ஒளிப்பதிவு பார்த்திருக்கலாம். அட்டையே வாங்காதவருக்கும் பிறகு ஓலை வரும். உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிப்படி எதிராளியைத் தாக்கினால் குறைந்தது 3 ஆட்டம். நடுவர் மேல் கை வைத்தால் குறைந்தது 15 ஆட்டம், அல்லது அதற்கேற்ற காலத் தடை. நம் நாட்டு விதிகளும் அதை ஒட்டியே எழுதப்பட்டவை.

விசாரணை என்றதும் நீதிமன்றம் போல நினைத்துவிடக் கூடாது. நடுவர் அறிக்கையில் இருப்பது உண்மை என்றே முதலில் கொள்வார்கள். அது தவறென்றால் காட்ட வேண்டியது ஆட்டக்காரரின் பொறுப்பு. கிரிமினல் வழக்கில் போல ஐயம் திரிபற நிரூபிக்க வேண்டும் என்பதும் இங்கில்லை. குழு மனநிறைவு அடைந்தால் போதும். அதன் முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டுக் குழு. அதற்கும் மேலே சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம். 2023 மார்ச் 3-இல் பெங்களூரில் ஆட்டத்தின் நடுவே வெளியேறிய கேரளா பிளாஸ்டர்ஸ், 4 கோடி ரூபாய் அபராதத்தை எதிர்த்து அதுவரை போயும் பயனில்லை. அதில் அடிதடி இல்லை என்பது வேறு விஷயம். அதே ஆண்டு அக்டோபரில் மும்பையில் நடந்த ஆட்டத்தில் கைகலப்பே வந்தது. பிளாஸ்டர்ஸின் டிரின்சிச், பிரபீர் தாஸ் இருவரும் தலா 3 ஆட்டம் இழந்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் உறவுக்காரர் உள்ளவர்கள் ரக்பி லீக் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் மோதிக்கொள்ளும் முரட்டு ஆட்டம். அங்கே வார இறுதி ஆட்டங்களை ஒரு குழு படம் போட்டுப் பார்த்துக் குற்றச்சாட்டு வைக்கும். முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும். எதிர்த்தால் செவ்வாய்க்கிழமை இரவு வழக்கறிஞருடன் போய் நிற்க வேண்டும். அடுத்த ஆட்டத்துக்குள் விடை தெரிந்துவிடும். நம் நாட்டில் அந்த வேகத்தை எப்போதும் எதிர்பார்க்க முடியாது. முடிவு வரும்வரை ஆடலாமா கூடாதா என்று தெரியாமல் தவிப்பதே சிறியவர்களுக்குப் பாதி தண்டனை.

சீண்டியவனுக்கு ஒன்றுமில்லையா என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. உண்டு. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் சிடேன் தலையால் மாத்தராசியின் மார்பில் முட்டியதை உலகமே பார்த்தது. ஃபிஃபா இருவரையும் தனித்தனியே விசாரித்தது. முட்டியவருக்கு 3 ஆட்டமும் 7,500 சுவிஸ் பிராங்கும். வாயால் சீண்டியவருக்கு 2 ஆட்டமும் 5,000 பிராங்கும். சிடேன் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டதால் தடைக்குப் பதிலாக மூன்று நாள் குழந்தைகளுக்கான சேவை செய்ய ஒப்புக்கொண்டார். ஆனால் சீண்டல் தண்டனையைக் குறைக்கலாமே தவிர, அடித்ததை இல்லையென்று ஆக்காது.

இனி நம் எல்லைச் சிக்கல். பொழியூர்ப் பையன் மாவட்டச் சங்கம் வழியாகக் கேரளக் கால்பந்துச் சங்கத்துக்குக் கீழே வருகிறான். நீரோடிப் பையன் குமரி மாவட்டம் வழியாகத் தமிழ்நாட்டுச் சங்கத்துக்குக் கீழே. பொதுவாகப் போட்டியை நடத்தும் சங்கமே விசாரிக்கும் என்பதால், இன்று ஒரே மணலில் ஆடும் இருவரும் நாளை வெவ்வேறு கதவைத் தட்ட நேரும். சங்க அங்கீகாரம் இல்லாத திருவிழாப் போட்டிகளிலோ எந்தக் கதவும் இல்லை. அடி வாங்கியவனுக்குக் கமிட்டிக்காரர்களின் சமாதானம், அது பலிக்காவிட்டால் போலீஸ் ஸ்டேஷன். 2024 மார்ச்சில் மலப்புறம் அரீக்கோட்டில் ஐவரி கோஸ்ட் நாட்டு ஆட்டக்காரர் ஒருவரைக் கூட்டம் விரட்டி அடித்தபோது அவர் போக வேண்டியிருந்தது போலீசிடம்தான்.

பிள்ளைக்கு ஓலை வந்தால் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது தேதி. பதிலுக்குக் கொடுக்கும் அவகாசம் குறைவு. பேசாமல் இருந்தால் குழு தன்னிடம் உள்ளதை வைத்து முடிவெடுத்துவிடும். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். பயிற்சியாளர் "கையெழுத்துப் போடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாலும், யாரையாவது படித்துச் சொல்லச் செய்து, பிறகு போடட்டும். பக்கத்தில் நின்று செல்போனில் படம் பிடித்தவர்களைத் தேடிப் பிடித்து, படத்தை வெட்டாமல் முழுதாக வாங்கி வைக்க வேண்டும். அணி மாறினால் தடை கழிந்துவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஆடாத ஆட்டங்கள் மிச்சமிருந்தால் அவை அடுத்த பருவத்துக்கும் புதிய கழகத்துக்கும் கூடவே போகும். மேல்முறையீட்டுக்கும் தனித் தேதி உண்டு. அதை அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.